குட்டி ஜீப்பும் கொழுந்து லொறியும்

மலையில் வண்டி ஓட்டுகிறவன் ஒரு நல்ல கல்லைக் கூடவே வைத்திருக்க வேண்டும். ரொம்பப் பெரிதாக இருந்தால் தூக்கிப் போடுவதற்குள் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். சின்னதாக இருந்தால் மழை ஈரத்தில் டயர் ஏறிக் கடந்துவிடும். ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் சரிவாக, டயருக்கு அணைவாக உட்காருகிற கல்லாகப் பார்த்து எடுக்க வேண்டும். என்னுடைய கல்லைப் பொகவந்தலாவை ஆற்றங்கரையில் அரைநாள் தேடி எடுத்தேன். இருபத்தாறு வருஷமாக அதே கல்தான்.

துரைராசா ஐயா, நீங்கள் கோர்ட்டில் மொழிபெயர்க்கிறவர், யாழ்ப்பாணத்து ஆள். லொறிக் கல்லைப் பற்றி இவன் ஏன் அளக்கிறான் என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் கல்லிலிருந்துதான் இதைச் சொல்ல முடியும். பொலிசில் நான் சொன்னதைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அதை நீங்கள் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினீர்கள். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பாதிதான் இருந்தது. மீதியை என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்றேன், தாள் கொடுத்தீர்கள். வருத்தப்படுகிறேன் என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது என்றும் சொன்னீர்கள். அந்த வரியை இதில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் பெயர் கந்தப்பன். வயது ஐம்பத்திரண்டு. ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறேன். தோட்டம் பொகவந்தலாவை பஸாரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் மேலே இருக்கிறது. ரோடு என்பது பெயருக்குத்தான். வெள்ளைக்காரன் காலத்தில் கொட்டிய கல்லுக்குப் பிறகு அதில் மழையைத் தவிர வேறொன்றும் விழுந்ததில்லை. பெண்கள் பறித்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகையை மடுவம் என்போம். மடுவத்தில் ஏற்றி ஃபெக்டரியில் இறக்குவது, நாளுக்கு மூன்று நடை, அதுதான் சம்பளத்துக்குச் செய்த வேலை.

சம்பளம் இல்லாத வேலை ஒன்றும் இருந்தது. தோட்டத்தில் யாருக்காவது முடியாமல் போனால் என் லொறிதான் ஆம்புலன்ஸ். அதற்குத் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் அனுமதித் துண்டு வாங்க வேண்டும். துண்டு கிடைத்தாலும், ஏற்றிய கொழுந்தை ஃபெக்டரியில் இறக்கிவிட்டுத்தான் ஆளை ஏற்றலாம். கொழுந்து காத்திருந்தால் சூடேறிக் கருகிவிடும், ஆள் காத்திருப்பான். தோட்டத்துச் சட்டம் அது, நான் போட்டதில்லை. வெறும் சாக்குகளை விரித்து ஆளைப் படுக்கவைப்போம். கூட வருகிறவர்கள் பின்னாலிருந்து கேபின் பலகையில் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. விடாமல் தட்டினால் இனி அவசரம் இல்லை என்று அர்த்தம்.

லொறியில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டீர்கள். நான் எண்ணவில்லை. என் லொறியில் போய்ப் பிறந்து வந்த பிள்ளைகளை எண்ணியிருக்கிறேன், நூற்றுப் பதினேழு. அவர்களை நிற்கவைத்தால் நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில் மூன்று லயம் நிறையும். ஆஸ்பத்திரியிலிருந்து தாயும் பிள்ளையும் வந்தால் நேரே வீட்டுக்குள் போகமாட்டார்கள். லொறி நிற்கிற இடத்துக்கு வந்து, பிள்ளையை என் கையில் கொடுத்து, நான் திருநீறு பூசிய பிறகுதான் லயத்துப் படி ஏறுவார்கள். வேறு எந்தத் தோட்டத்திலும் இந்த வழக்கம் கிடையாது. தொடங்கி வைத்தவள் கொழுந்தெடுக்கிற அழகம்மா. எண்பத்தொன்றில் அவளை ஏற்றிக்கொண்டு போகும்போது பாதி வழியிலேயே லொறிக்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. அதைச் சேலையில் சுற்றி முதலில் என்னிடம்தான் நீட்டினாள். 'நீங்க தொட்டு விடுங்கண்ணே, அப்புறம் யார் வேணாத் தூக்கட்டும்' என்றாள். அந்தப் பிள்ளைதான் சுதர்ஷினி.

இதைச் சொல்வது பெருமைக்காகத்தான், மறைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஆபிசில் மரியாதை, கங்காணிக்கு மலையில் மரியாதை, எனக்கு லயத்தில் மரியாதை. எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் முதல் தாம்பூலம் எனக்கு. ஒருத்தன் இருபத்தாறு வருஷம் ஓடி ஓடிச் சம்பாதித்தது அது. அதைப் பறித்தவர்கள் மீது வழக்குப் போட உங்கள் கோர்ட்டில் சட்டம் இல்லை.

இனி அந்த வண்டிக்கு வருகிறேன். இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், சித்திரை கழிந்து, ஹட்டன் மைதானத்தில் ஒரு கம்பனி புது வண்டி அறிமுகம் வைத்தது. கொழும்பிலிருந்து வந்த கம்பனி, பெயர் வேண்டாம். நாலு சக்கரமும் இழுக்கிற குட்டி ஜீப். அதற்கு முந்தி அப்படி ஒரு வண்டியைத் துரைமார்தான் வைத்திருப்பார்கள். இது சாதாரண ஆட்கள் சேர்ந்தும் வாங்கக்கூடிய விலை என்று ரோட்டுக்குக் குறுக்கே துணி கட்டி, மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள். எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்கு அதில் ஆசை வந்துவிட்டது. சாவுக்குப் பெட்டி வாங்கிக் கொடுக்கிற சங்கம், சாகாமல் கொண்டுபோக வண்டி வாங்கினால் என்ன என்று தலைவர் சோலைமலை, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்திலேயே பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வண்டி நல்லதா கெட்டதா என்று பார்த்துச் சொல்ல சோலைமலை என்னைத்தான் கூட்டிப்போனார். மைதானத்தில் தப்படித்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். பிறகு சேறும் பலகையுமாக ஒரு மேடு கட்டி, அதில் வண்டியை ஏற்றி இறக்கிக் காட்டினார்கள். மேட்டின் அந்தப் பக்கம் இடுப்பளவு குழி வெட்டியிருந்தார்கள். வண்டியை வேண்டுமென்றே குழிக்குள் விட்டு, எஞ்சினை நிறுத்தி, கூட்டம் கொஞ்சம் சிரித்து முடித்த பிறகு, ஓட்டிவந்த பையன் மறுபடி எஞ்சினைப் போட்டான். வண்டி அவசரப்படாமல் குழியிலிருந்து பின்பக்கமாகவே ஏறி வெளியே வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. வண்டிக்காரன் பொய் சொல்லக்கூடாது, அப்படி ஒரு வண்டியை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

ஓட்டியவன் பெயர் ஜெயதீபன், யாழ்ப்பாணம், கம்பனியில் வண்டி விளக்கிச் சொல்கிற வேலை. எல்லாரும் பொனட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க, நான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கியர் கம்புக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு கம்பு இருந்தது. அது என்ன என்று கேட்ட ஒரே ஆள் நான்தான்.

"அண்ணை, எல்லாரும் பெரிய லீவரைத்தான் பாக்கினம். இந்த வண்டியின்ரை உயிர் இந்தச் சின்னனிலைதான் கிடக்கு" என்று அவன் என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தான். "முன்னுக்கு ரெண்டு சில்லு ஓடும். அடுத்தது நாலு சில்லு. கடைசிக்குத் தள்ளினால் நாலும் மெதுவாப் பிடிச்சு ஏறும், பள்ளத்திலை விழுந்தாலும் தானாக வெளியிலை வரும்."

"நடுவுல ஒரு எடம் இருக்கே தம்பி?"

"அது நியூட்ரல். கட்டி இழுக்கிறதுக்கு மட்டும். அதிலை விட்டியளெண்டால் எஞ்சினுக்கும் சில்லுக்கும் தொடர்பே இல்லை. கியர் போட்டாலும் ஒண்டுதான், போடாட்டியும் ஒண்டுதான். மேட்டிலை நிக்கேக்கை மறந்தும் அதிலை விட்டிடாதேங்கோ."

நான் நாலைந்து தடவை தள்ளிப் பார்த்தேன். கைக்கு மெத்தென்று இருந்தது. சோலைமலை வந்து எப்படி என்று கேட்டார். வாங்கிப்போடுங்கள், இதை விட்டால் நமக்கு வேறு வண்டி இல்லை என்றேன். நான் சொன்ன பிறகுதான் வாங்கினார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வண்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவன் நான்.

ஓட்டப்போவதும் நான்தான் என்று நினைத்தேன். வேறு யாரை நினைப்பது? ஆடி மாதம் வண்டி வந்து இறங்கியது. சங்கக் கூட்டத்தில் சோலைமலை எழுந்து, டிரைவராக யோகேஸ்வரனைப் போடுகிறோம் என்றார். பண்டாரவளையில் வேன் ஓட்டிவிட்டு வேலையில்லாமல் வந்திருந்தவன், முப்பது வயது. கூட்டம் முடிந்து நான் சோலைமலையைத் தனியாகப் பிடித்தேன்.

"கோவிச்சுக்காதீங்க கந்தப்பண்ணே. நீங்க தோட்டத்துச் சம்பளத்துல இருக்கீங்க, லொறிய விட்டுட்டு வரத் துரை ஒத்துக்க மாட்டாரு. இது எந்நேரமும் லயத்துலயே நிக்கணும். ஒங்களுக்கும் வயசாகுதில்ல, கொஞ்சம் ஓய்வா இருங்க" என்றார். பிறகு, என்னைச் சந்தோஷப்படுத்துகிற மாதிரி, "பழக்கி விடுறது நீங்கதான். ஒங்களத் தவிர அந்த வண்டி வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

அவர் சொன்னது உண்மை. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

மூன்று வாரம் பழக்கினேன். மனச்சாட்சிக்கு விரோதமாகச் சொல்லிக்கொடுத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. எந்த வளைவில் ஹோன் அடிக்க வேண்டும், எந்தப் பாலத்தில் எடை தாங்காது, பனியில் எந்த மரத்தை அடையாளம் வைக்க வேண்டும், எல்லாம் சொன்னேன். சின்னக் கம்பில் முதல் இரண்டு இடத்தைக் காட்டினேன். அதற்கு மேல் தள்ளினால் கியர்ப்பெட்டி உடைந்துவிடும் என்று சொன்னேன். வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பத்திரமாக இருக்கட்டும் என்று என் வீட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். ஹேண்ட் பிரேக்கை அடிக்கடி இழுத்தால் கேபிள் தளர்ந்துவிடும், மலைக்காரன் அதைத் தொடமாட்டான், கியரில் போட்டுக் கல்லைக் கொடு என்றேன். கடைசியில் சொன்னது பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் அத்தனை டிரைவரும் அப்படித்தான் நிறுத்துகிறோம். அவனுக்குக் கல் பொறுக்கிக் கொடுத்ததும் நான்தான்.

ஏன் மற்றதைச் சொல்லவில்லை என்று பொலிசில் கேட்டார்கள். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் நான் எதற்கு? ஒரு சிக்கல் வந்தால் என்னிடம் ஓடி வரட்டும் என்று நினைத்தேன். அதில் என்ன தப்பு இருக்கிறது? டொக்டரும் மருந்தைத்தான் தருகிறார், படிப்பைத் தருவதில்லை.

அவன் ஓடி வரவே இல்லை. பதினொரு மாதம். வண்டி சிணுங்கக்கூட இல்லை. துரையின் துண்டு தேவையில்லை, கொழுந்து இறக்கக் காத்திருக்கத் தேவையில்லை. லொறியில் ஒன்றே முக்கால் மணி நேரம் போகிற ஆஸ்பத்திரிக்கு அவன் முக்கால் மணியில் போனான். பதினொரு மாதத்தில் அந்த வண்டியில் ஒருவர்கூடச் சாகவில்லை. இதை எல்லாரும் பெரிதாகச் சொன்னார்கள். எனக்கு அது நல்லதாகப் படவில்லை. இருபத்தாறு வருஷத்தில் நான் பார்த்த மலையில் அப்படி நடக்காது. எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது, ஒருநாள் காட்டும் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், விசாரித்துப் பாருங்கள்.

தை மாதத்தில் ஒருநாள், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாயும் பிள்ளையும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். நான் லொறியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பையில் திருநீறு இருந்தது. அந்தப் பெண் என் பக்கமாகத்தான் வந்தாள். பக்கத்தில் வந்து, சிரித்து, 'சாப்டீங்களா மாமா?' என்று கேட்டுவிட்டு, திரும்பி யோகேஸ்வரனிடம் பிள்ளையை நீட்டினாள். அவனுக்குக் கூச்சம், என்னைக் கூப்பிட்டான். நான் போகவில்லை. அதற்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளும் அவன் கைக்குத்தான் போயின. எனக்கு நெஞ்சு எரிந்தது. எரிந்தது என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன், உங்கள் சிங்களத் தாளில் அதற்கு இடம் இல்லை.

ஆனி மாதம் சுதர்ஷினிக்கு வலி கண்டது. இருபத்துமூன்று வயது, தலைப்பிரசவம். புருஷன் கொழும்பில் கடை வேலை. தலைப்பிரசவம் இழுக்கும், உடனே ஒன்றும் ஆகிவிடாது, நேரம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இத்தனை பேரை ஏற்றியவனுக்கு அந்தக் கணக்குத் தெரியாதா? காலை பத்து மணிக்குச் செய்தி வந்தது. மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடித்து மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். அன்று நான் ஏற்றவில்லை. லொறியின் பின்பக்கத்தைக் கழுவி, காய்ந்த சாக்குகளாகப் பார்த்து விரித்து வைத்தேன். கேட்டவர்களிடம் ஸ்பிரிங் பார்க்க வேண்டும் என்றேன்.

மடுவத்துக்குக் கொஞ்சம் கீழே, ரோடு சரிந்து வளைகிற இடத்தில் முனியாண்டி கல் இருக்கிறது. இறங்கிப் போகிற எந்த வண்டியும் அங்கே நிற்காமல் போகாது. அவசரமானாலும் அரை நிமிஷம். முனிக்கு முன்னால் எஞ்சின் ஓடக்கூடாது, அது எங்கள் தோட்டத்துக் கட்டு. எஞ்சினை நிறுத்தி, இறங்கி, சூடம் காட்டி, திருநீறு பூசிக்கொண்டுதான் ஏறுவோம். துரையின் டிரைவர்கூட அப்படித்தான் செய்வான். உயிர் போகிற ஆளை வைத்துக்கொண்டு இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். உயிர் போகிற ஆள் இருப்பதால்தான்.

யோகேஸ்வரன் வந்து நிறுத்தினான். கியரில் போட்டான், இறங்கினான், முன் டயருக்குக் கல் கொடுத்தான். நான் பழக்கியபடி ஒன்றுகூடப் பிசகவில்லை. அழகம்மாவும் இறங்கி, முனியாண்டிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். சுதர்ஷினி பின்சீட்டில் சாய்ந்து படுத்திருந்தாள். நான் லொறியிலிருந்து நடந்து வந்து, டிரைவர் பக்கத்து ஜன்னலில் குனிந்து அவளிடம் இரண்டு வார்த்தை பேசினேன். பிறகு தள்ளி நின்றேன். யோகேஸ்வரன் சூடம் காட்டிவிட்டு ஓடி வந்தான். முன்னால் குனிந்து கல்லை உருவினான். அதைக் கால் வைக்கிற பலகையில் வைத்துவிட்டு ஏறுவது வழக்கம். ஆனால் கல் அவன் கையில் இருக்கும்போதே வண்டி நகர்ந்தது.

அவன் கல்லைப் போட்டுவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு ஓடினான். முப்பது யார் தூரம் போயிருக்கும். வண்டி வளைவில் திரும்பாமல் நேரே ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானைத் தாண்டித் தேயிலைக்குள் இறங்கியது. பழைய தேயிலைச் செடி, அடி பருத்தவை, பிடித்து நிறுத்திவிட்டன. நான் நினைத்த இடத்தில்தான் நின்றது. சுதர்ஷினி முன்சீட்டின் முதுகில் போய் மோதியிருந்தாள். பேச்சு இருந்தது. இரத்தமும் இருந்தது.

"ஒண்ணும் ஆகலண்ணே, எஞ்சின் நல்லா இருக்கு, பின்னால எடுத்துரலாம்" என்று யோகேஸ்வரன் உள்ளே ஏறினான். எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்தது. பின் கியர் போட்டான். எஞ்சின் கத்தியது, சக்கரம் ஒன்றுகூடச் சுற்றவில்லை. மறுபடி போட்டான். முன் கியர் போட்டுப் பார்த்தான். "கியர் விழுதுண்ணே, வண்டி அசைய மாட்டேங்குது. பெட்டி ஒடஞ்சிருச்சு போல" என்று அழுதான். நான் அவன் பக்கத்தில் நின்றேன். சின்னக் கம்பு அவன் முழங்காலுக்கு அருகில் இருந்தது. கடைசி இடத்துக்குத் தள்ளினால், ஹட்டனில் குழியிலிருந்து ஏறிய மாதிரி ஏறிவிடும். அது எனக்குத் தெரியும். பதினொரு மணிக்குள் அவள் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பாள்.

லொறி ஆயத்தமாக இருந்தது. தூக்குங்கள் என்றேன். தூக்கினார்கள். அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள், யோகேஸ்வரனும் பார்த்தான். நான் ஒரு குலுக்கல் படாமல் ஓட்டினேன். அதைவிட நன்றாக யாராலும் ஓட்ட முடியாது. பஸாருக்கு முந்திய பாலத்தில் அழகம்மா பலகையில் தட்ட ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். நிற்கவில்லை. நான் அதற்குப் பிறகும் வேகத்தைக் குறைக்காமல் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய்த்தான் நிறுத்தினேன். பிள்ளையும் இல்லை.

சாவு வீட்டில் அழகம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஒங்க லொறி இல்லாட்டி எம் புள்ள தேயிலைக்குள்ள கெடந்து செத்திருப்பாண்ணே" என்றாள். யோகேஸ்வரன் பக்கம் யாரும் போகவில்லை. ஜீப் தேயிலைக்குள்ளேயே கிடந்தது. அடுத்த வாரம் காய்ச்சல்காரன் ஒருத்தனை ஏற்ற என்னைத் தேடி வந்தார்கள். காரியம் வரைக்கும் பதினாறு நாளும் நான் நன்றாகத் தூங்கினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஜெயதீபன் வந்தான். பழுது பார்க்கச் சங்கம்தான் கடிதம் போட்டிருந்தது. லயமே இறங்கிப் போய் நின்றது. அவன் கதவைத் திறந்து குனிந்து பார்த்துவிட்டு, "ஆர் இதை நியூட்ரலிலை விட்டது?" என்று கேட்டான். யாருக்கும் விளங்கவில்லை. அவன் ஏறி உட்கார்ந்து, கம்பைக் கடைசிக்குத் தள்ளி, செத்துக் கிடந்த பெட்டரியைக் கூட வந்த ஆளை விட்டு மாற்றுவித்து, எஞ்சினைப் போட்டான். வண்டி செடிகளை மெதுவாக விலக்கிக்கொண்டு, பின்பக்கமாகவே ஏறி ரோட்டில் வந்து நின்றது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சின்னப் பிள்ளைகள் கைதட்டிவிட்டார்கள்.

அழகம்மா முன்னால் வந்தாள். "அன்னிக்கும் இப்புடி ஏறியிருக்குமா தம்பி?"

"ஏறியிருக்கும் அம்மா. வண்டியிலை ஒரு பழுதும் இல்லை. நான் இந்த அண்ணைக்கு ஹட்டனிலை வடிவாச் சொல்லிக் குடுத்தனான்" என்று அவன் என்னைக் காட்டினான். பாவம், எனக்கு வணக்கம் சொல்லத்தான் கையை நீட்டினான்.

அழகம்மா திரும்பினாள். "ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும்" என்றேன். பயந்து பேச எனக்கு வராது. அவள் அடிக்கவில்லை, கத்தவில்லை. சாவு வீட்டில் என் கையைப் பிடித்த தன் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனாள். அன்று பின்னேரம் பொலிஸ் வந்தது.

பொலிசுக்கு இவ்வளவுதான் தெரியும்: கந்தப்பனுக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை. கம்பு எப்படி நடுவுக்குப் போனது என்று கேட்டதற்கு, யோகேஸ்வரன் இறங்கும்போது முழங்கால் பட்டிருக்கும் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். நீங்கள் வாசித்தபோதுதான் எனக்கு விளங்கியது. வழக்கில் முதல் எதிரி யோகேஸ்வரன். கவனக்குறைவாக மரணம் விளைவித்தவன் அவன். நான் இரண்டாவது, உதவி செய்யாமல் நின்றவன். சீக்கிரம் வெளியே போய்விடலாம் என்று நீங்கள் எனக்கு ஆறுதல்கூடச் சொன்னீர்கள். எனக்கு இரவெல்லாம் பொறுக்கவில்லை. அங்கேயும் அவன் பெயர்தான் முன்னால்.

அவனுக்கு அப்படி ஒரு இடம் அந்தக் கம்பில் இருப்பதே தெரியாது. முழங்காலும் இல்லை, முனியும் இல்லை. ஜன்னலில் குனிந்தபோது நான்தான் தள்ளினேன். கல் பாரத்தைத் தாங்கி நின்றதால் கம்பு இளகி இருந்தது, இரண்டு விரல் போதுமாக இருந்தது. செய்தவன் கந்தப்பன். திருத்தி எழுதுங்கள், என் பெயரை முதலில் போடுங்கள்.

அவள் கெட்டுப்போகட்டும் என்று நான் செய்யவில்லை. அவளைக் காப்பாற்றிக் கொண்டுவந்து, பிள்ளையை என் கையில் வாங்குவதற்காகச் செய்தேன். சந்தேகமிருந்தால் இதையும் கேளுங்கள். கையை வெளியே எடுக்கும்போது சுதர்ஷினி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கு மாமா, நீங்களும் கூட வாங்க" என்றாள். டிரைவர் அவன். ஆனால் அவள் என்னைத்தான் கூப்பிட்டாள்.